பூ வண்டிக்காரருக்கு விற்ற நட்டு மிஷின்

கவுண்டருக்குப் பின்னால் புதிதாக வந்து நிற்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நட்டு கழற்றும் பேட்டரி மிஷின் கேட்டு வருகிறவர் உங்களிடம் உண்மையைச் சொல்ல மாட்டார். "சும்மா, எப்பவாவது ஒரு தடவைக்குத்தான். விலை கம்மியா ஒண்ணு எடுங்க" என்பார். திண்டுக்கல்லில் டூல்ஸ் கடையில் நின்றே என் தலை நரைத்தது. இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எப்பவாவது தேவைப்படுகிற சாமானுக்கு எந்த மனுசனாவது காலையிலேயே கிளம்பி வந்து கடை திறக்கிறதுக்கு முன்னால் வாசலில் நிற்பானா? ஏதோ ஒரு கஷ்டம் அவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்கிறது. அதைச் சொல்ல அவருக்கு வெட்கம்.

எத்தனை வோல்ட், எவ்வளவு டார்க், அதாவது முறுக்கு விசை என்பதெல்லாம் நீங்கள் செல்போனைத் தட்டி என்னைவிட வேகமாகச் சொல்லிவிடுவீர்கள். அதில் எனக்கு வேலை இல்லை. முத்துப்பாண்டி என்ற பூ வண்டிக்காரருக்கு நான் ஒரு மிஷின் விற்றதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நல்ல மிஷின், சரியான மிஷின். இருந்தும் அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

முத்துப்பாண்டிக்கு நிலக்கோட்டைப் பக்கம் ஊர். சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி வைத்திருந்தார். விடியும் முன்னே நிலக்கோட்டை மார்க்கெட்டில் மல்லிகைப் பூவை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் வந்து, பூக்கடைகளுக்கு இறக்கிவிட்டு, மிச்சத்தை வெளியூர் பஸ்களில் ஏற்றிவிடுவார். அவருக்கு லோடு கொடுப்பது ஒரே ஒரு கமிஷன் கடைதான். பூ விஷயம் உங்களுக்குத் தெரியும். வெயில் ஏறினால் வாடும், வாடினால் விலை போகாது. தாமதமாக வருகிற வண்டிக்கு மறுநாள் லோடு கிடைக்காது.

அவரும் அவர் மனைவி செல்வியும் சேர்ந்துதான் கடைக்கு வந்தார்கள். வந்ததும் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு வீல் நட்டை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது. நான் எவரிடமும் முதலில் "எந்த நட்டைக் கழட்டணும்?" என்றுதான் கேட்பேன். பாதிப் பேர் விரலை வளைத்து, இம்புட்டு இருக்கும் என்று காட்டுவார்கள். கையோடு கொண்டுவருகிறவர் நூற்றில் ஒருத்தர்.

"எப்பவாவது பஞ்சர் ஆனா கழட்டி மாட்டத்தான் பாய். பெருசா வேலை இல்ல" என்றார்.

நம் ஊர்க் கடையில் சாமான் வாங்குவது ஒருத்தர் காரியமா என்ன? எரியோடு ஊரிலிருந்து பேரிங் வாங்க வந்த மோட்டார் மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தார். கேட்காமலே உள்ளே நுழைந்துவிட்டார். மேல் தட்டில் பெட்டி நிறைய சாக்கெட்டும் ரெண்டு பேட்டரியுமாக, ஸ்டிக்கரில் பெரிய பெரிய நம்பர் போட்ட மிஷின் ஒன்று இருந்தது. விலையும் குறைவுதான். அதைக் காட்டி, "அண்ணே, நம்பரப் பாருங்க. அத எடுங்க. பாய் கையில வச்சிருக்கிறது பொம்பளப் பிள்ளைக தலை காய வைக்கிற மிஷினாட்டம் இருக்கு" என்றார். கடையே சிரித்தது.

"ஸ்டிக்கர் நட்டைக் கழட்டாது மெக்கானிக். உங்க பேரிங் வந்துருச்சு, எடுத்துக்கிட்டு கிளம்புங்க" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் அப்படித்தான்.

என் கையில் இருந்தது இருப்பதிலேயே சின்னது, இலகுவானது. எப்போதாவது செய்கிற வேலைக்கு அது போதும் என்றுதான் நினைத்தேன். ஸ்பானரைப் போட்டுக் கையால் ஒரு முறுக்கு இளக்கிவிட்டால், மிச்சத்தை அது கடகடவென்று கழற்றித் தந்துவிடும். அதை விளக்கிச் சொன்னேன். முத்துப்பாண்டி தலையை ஆட்டினார். அதையே பில் போடச் சொல்லிவிட்டு, போன் வந்ததென்று வெளியே போனார்.

அவர் வாசல் தாண்டியதும் செல்வி கவுண்டர் ஓரமாக வந்தார். "பாய், செத்த இங்கிட்டு வாங்க."

போனேன்.

"நீங்க சொன்ன அந்த மொத முறுக்குத்தான் பாய் அவரால முடியாது. வலது தோளுல தசை கிழிஞ்சு கெடக்கு. இன்னொரு தடவ வெடுக்குன்னு இழுத்தீங்கன்னா கை தூக்கவே வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஸ்டீரிங் பிடிக்கிறாரு, அதுக்கு ஒண்ணுமில்ல. டயரு கழட்டத்தான் ஆகாது."

"கமிஷன் கடைக்குத் தெரியுமாம்மா?"

"தெரிஞ்சா லோடு குடுப்பாங்களா? வழியில நின்னா டயர் மாத்த முடியாத ஆளுன்னு வேற வண்டிக்கு மாத்திருவாங்க. வீட்டுல மாமியாருக்குக் கூடத் தெரியாது. எங்க ரெண்டு பேருக்கும்தான் தெரியும், இப்ப உங்களுக்கும். யாருட்டயும் சொல்லிராதீங்க பாய்."

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த மனுசர் நட்டை எடுத்தது, மிஷினைத் தூக்கிப் பார்த்தது, தலையைச் சொறிந்தது எல்லாமே இடது கையால். இடது கைப் பழக்கம் போலிருக்கு என்று நினைத்துக்கொண்டு சும்மா நின்றிருக்கிறேன். எந்த நட்டு என்று கேட்டேனே தவிர, எந்தக் கை என்று கேட்கவில்லை.

அவர் உள்ளே வந்ததும், "அந்த மாடலுக்கு பேட்டரி ஸ்டாக் இல்லையாம். இத எடுத்துக்கங்க" என்று ஒரு படி பெரியதைக் கொடுத்தேன். எடை கொஞ்சம்தான் கூடுதல், ஆனால் டயர் கடையில் காற்று மிஷின் வைத்து இறுக்கிய நட்டையும் தானே இளக்கிவிடும். கையால் இழுக்க வேண்டியதில்லை. கடை வாசலிலேயே அவர் வண்டிச் சக்கரத்தில் வைத்துக் காட்டினேன். டர்ர் என்றது, நட்டு கையில் வந்துவிட்டது. முத்துப்பாண்டி என்னைப் பார்த்தார், பிறகு செல்வியைப் பார்த்தார். மனைவி சொல்லிவிட்டாள் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. "ரைட்டு பாய்" என்று மட்டும் சொன்னார்.

வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொன்னேன். எப்போதாவது எடுக்கிற மிஷினுக்கு பேட்டரிதான் வில்லன். மாசம் ஒரு தடவை எடுத்துப் பார்த்து சார்ஜ் ஏற்றுங்கள், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் போட்டு வைக்காதீர்கள், கிளம்பும்போது எடுத்துக்கொண்டு போங்கள். மாட்டும்போது நட்டைக் கையால் பிடிக்கவிட்டு அப்புறம் மிஷினை வையுங்கள். கடைசி இறுக்கு ஸ்பானரால்தான், அதனால் பழைய வீல் ஸ்பானரை வண்டியை விட்டு இறக்கவே கூடாது. "அந்தக் கடைசி இறுக்க வீட்டுக்கு வந்ததும் நான் மிதிச்சு இறுக்கிருவேன் பாய்" என்றார் செல்வி. முத்துப்பாண்டி முதல் தடவையாகச் சிரித்தார்.

விற்ற மிஷின் எப்படி ஓடுகிறது என்று ஒரு மாசம் கழித்துப் போன் போட்டுக் கேட்பது என் பழக்கம். கேட்டேன். குரலில் அவ்வளவு சந்தோஷம். "மார்க்கெட்ல எல்லாப் பயலும் வந்து வேடிக்கை பாக்குறான் பாய். முத்துப்பாண்டி பெரிய ஆளாயிட்டான்னு பேசிக்கிறானுக!" என்றார். தோள் முடியாமல் மிஷின் வாங்கினார் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஏதோ பவுசுக்கு வாங்கியதாக நினைத்துக்கொண்டார்கள். நல்லதாகப் போயிற்று என்று நானும் மறந்துவிட்டேன்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. பூ வண்டிக்கு வருஷத்தில் அதைவிடப் பெரிய நாள் உண்டா? பூஜையன்று விடியக்காலையிலேயே லோடு இருந்ததால், முத்துப்பாண்டி வீட்டில் முதல் நாள் சாயங்காலமே வண்டியைக் கழுவிப் பூஜை போட்டுவிட்டார்கள். வண்டிச் சாமான் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் அடுக்கினார்கள். பேட்டரி மிஷின் நடுவில், வீல் ஸ்பானர் பக்கத்தில். மறுபூஜை போடுகிறவரை எதையும் எடுக்கக் கூடாது, அது அவர்கள் வீட்டு வழக்கம். வண்டிக்கு மட்டும் விலக்கு, பூ சாமிக்குப் போகிறதாயிற்றே. ஆக, வருஷத்திலேயே அதிக லோடு ஏற்றிக்கொண்டு, ஒரு ஸ்பானர்கூட இல்லாமல் வண்டி ரோட்டில் ஏறியது. சீட்டுக்கு அடியில் மாட்டியிருந்ததால் ஜாக்கி மட்டும் தப்பித்தது. பேட்டரி, சார்ஜர், வெயில் என்று அத்தனையும் யோசித்த நான், இப்படி ஒரு நாள் வரும் என்று யோசிக்கவில்லை. நம் கடையிலேயே வருஷா வருஷம் தராசிலிருந்து டிரில் வரைக்கும் பொட்டு வைத்து அடுக்குகிறோம். பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்!

கொடைரோடு தாண்டி நாலுவழிச் சாலையில் பின் டயர் போயிற்று. பஞ்சர் கடை எல்லாம் பூஜைக்கு அடைத்திருந்தது. அன்றைக்குப் பார்த்துக் கமிஷன் கடை ஆள் ஒருவரும் வண்டியில் கூட வந்திருந்தார், பெரிய லோடு என்பதால். முத்துப்பாண்டி கொஞ்சம் தள்ளிப் போய் நின்று மனைவிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். எதையும் கொண்டுவரச் சொல்லவில்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை என்று மட்டும் சொன்னாராம்.

செல்வி எனக்குப் போன் போட்டார். கடை லீவு, வீட்டில் இருந்தேன்.

"பாய், மிஷினு சாமிகிட்ட இருக்கு. அவரு ரோட்டுல நிக்கிறாரு. கூட கடைக்காரர் ஆளு இருக்காராம். எடுத்துட்டுப் போகவா, வேணாமா?"

"வீட்டுல பெரியவங்க என்னம்மா சொல்றாங்க?"

"அத்த கோயிலுக்குப் போயிருக்காங்க. இருந்தா தொடவே விட மாட்டாங்க. சாமி கோவிச்சுக்குமா?"

யாரைப் பார்த்து யார் கேட்கிற கேள்வி இது! நான் அஞ்சு வேளை தொழுகிறவன். இன்னொரு வீட்டுச் சாமி முன்னால் இருப்பதை எடு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? உங்க வீட்டு வழக்கம், நீங்களே பாத்துச் செய்யுங்கம்மா என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் ரோட்டில் யாராவது ஒரு ஸ்பானரைக் கொண்டுவந்து கையில் கொடுத்தால் அந்த மனுசர் என்ன செய்வார் என்பது என் கண் முன்னாலே தெரிந்தது.

"சாமி கோவிச்சுக்குமான்னு எனக்குத் தெரியாதும்மா. தோளு போயிரும்னு தெரியும். எடுத்துட்டுக் கிளம்புங்க" என்றேன்.

செல்வி மிஷினைச் சேலைத் தலைப்பில் சுற்றி ஸ்கூட்டியில் முன்னால் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். அதற்குள் கமிஷன் கடை ஆள் ஒரு லாரியை மறித்து, வீல் ஸ்பானரும் ஒரு நீளக் குழாயும் வாங்கி வைத்திருந்தார். "அண்ணே நகருங்க, நான் கழட்டுறேன்" என்று அவரே சொல்லியிருக்கிறார். முத்துப்பாண்டி விடவில்லை. "நீ பூவப் பாரு தம்பி. வண்டி என்னோடது" என்று சொல்லிவிட்டு, ஸ்பானரை நட்டில் மாட்டியும் இழுக்காமல், குனிந்து ஏதோ செய்கிற மாதிரி நேரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் செல்வி போய் நின்றார்.

அதோடு பிரச்சினை முடிந்திருக்க வேண்டும். மிஷினை வாங்கி நட்டில் வைக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் தலைப்பை விலக்கியதும் அதில் இருந்த சந்தனமும் குங்குமமும் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"சாமிகிட்ட இருந்ததயா தூக்கிட்டு வந்த?" என்று அந்த ஆளுக்கு முன்னாலேயே கத்தியிருக்கிறார். "அறிவு இருக்கா உனக்கு?"

"உங்க நன்மைக்குத்தான..." என்று செல்வி ஆரம்பித்து, பக்கத்தில் நிற்கும் ஆளைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். தோளைப் பற்றி அங்கே எப்படிப் பேசுவது? முத்துப்பாண்டி மிஷினை வாங்கி, சீட்டின் மேல் துண்டை விரித்து அதன்மேல் பதமாக வைத்தார். திரும்பி வந்தார். ஸ்பானரில் குழாயைச் சொருகி, ரெண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

நட்டு இளகிவிட்டது. அடுத்த நட்டுக்குக் கை மேலே வரவில்லை.

பூவை வேறு வண்டியில் மாற்றி ஏற்றிக்கொண்டு கமிஷன் கடை ஆள் போய்விட்டார். லோடும் அதோடு போய்விட்டது. ஆபரேஷன் செய்தும் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. வண்டியை விற்றுவிட்டார்கள்.

இதையெல்லாம் செல்விதான் பிறகு போனில் சொன்னார். சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னார். சாமி முன்னால் இருந்ததை மருமகள் தூக்கிக்கொண்டு ஓடினாள், அதனால்தான் மகன் கை போயிற்று என்று மாமியார் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். தெருவில் ஒருத்தர் பாக்கி இல்லை. கல்யாணம் காட்சிக்குச் செல்வி போனால் பேச்சு நின்றுவிடுகிறதாம். முத்துப்பாண்டி மிஷினால் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லையே, ஸ்பானரை இழுத்துத்தானே தோள் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அவருக்கு முன்பே தோள் கிழிந்திருந்தது என்பதும் ஊரில் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் முத்துப்பாண்டி. அவர் வாய் திறக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு, "நான் வாரேன்மா உங்க ஊருக்கு. எடுக்கச் சொன்னது நான்தான்னு உங்க மாமியார்கிட்டச் சொல்றேன்" என்றேன்.

"வேணாம் பாய். உங்க பேர நான் யாருட்டயும் சொல்லல. சாமிகிட்ட இருந்தத எடுக்கச் சொன்னது பாயின்னு தெரிஞ்சா, பேச்சு வேற மாதிரி போயிரும். இது என்னோட போகட்டும்."

அந்தப் பெண் எனக்காகவும் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு நான் எடு என்று சொன்னதற்காக வருத்தப்படவில்லை. மறுபடி கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். நான் சொன்னது சரி, அதைச் செய்தவர் கெட்ட பெயர் வாங்கினார், சொன்ன நான் வீட்டில் நல்லபடியாக இருக்கிறேன். அதுதான் நெஞ்சில் குத்துகிறது.

ஆகவே பிள்ளைகளே, விலை கம்மியாக ஒன்று என்று கேட்டு வருகிறவரிடம் எந்த நட்டு என்று கேளுங்கள். அதோடு யார் கை என்றும் கேளுங்கள். கூட்டத்தில் கேட்காதீர்கள், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். கூட வந்த பெண் ஏதோ சொல்ல வாயெடுக்கிறாரா என்று பாருங்கள். ஆயுத பூஜைக்கு முன்னால் விற்கிறீர்கள் என்றால், "பூஜைக்கு ஒரு பழைய ஸ்பானர வைங்க, மிஷின் வண்டியிலயே இருக்கட்டும், அங்கயே பொட்டு வச்சுக்கங்க" என்று சொல்லிவிடுங்கள். யார் வீட்டுச் சாமியும் இதற்குக் கோபிக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். நான் கடையை விட்டு நிற்கிறவரை எல்லோருக்கும் இதைச் சொன்னேன். சொல்ல வேண்டிய ஒருத்தருக்குச் சொல்லவில்லை.

நான் ஓய்வு பெறும் முன்பு முத்துப்பாண்டி ஒரு தடவை கடைக்கு வந்தார். பெட்டியோடு மிஷினைக் கவுண்டரில் வைத்தார், இடது கையால். "யாருக்காச்சும் தேவைப்பட்டா குடுத்துருங்க பாய். புதுசு மாதிரித்தான் இருக்கு" என்றார். திறந்து பார்த்தேன். கைப்பிடிக்கு மேலே குங்குமப் பொட்டு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

வாசலில் செல்வி ஸ்கூட்டியில் உட்கார்ந்திருந்தார். இப்போது அவர்தான் ஓட்டுகிறார்.

முத்துப்பாண்டி குரலை இறக்கிப் பேசினார். "அன்னைக்கு அவ கொண்டாந்தத நான் கையில வாங்கி வேலையப் பாத்திருந்தா, இன்னைக்கு வண்டி என்னோடதுதான் பாய். தப்பு எம்மேலதான்."

"இதை எங்கிட்டச் சொல்லி என்னங்க பிரயோசனம்? வீட்டுல சொன்னீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லணும்" என்றார்.

"அந்தா வாசல்லதான் உக்காந்திருக்காங்க. போய்ச் சொல்லுங்க."

இறங்கிப் போய் ஸ்கூட்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கவுண்டரை விட்டு வெளியே வந்தேன்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் உள்ள எங்கிட்ட ஒண்ணு சொன்னாரு. என்னன்னு அவருகிட்டயே கேளுங்க" என்றேன்.

செல்வி திரும்பிப் பார்த்தார். "என்ன சொன்னீங்க?"

முத்துப்பாண்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் ரெண்டு பேரும் காத்திருந்தோம். ஒரு பஸ் போயிற்று, அதற்குப் பின்னால் இன்னொன்று போயிற்று.

"ஒண்ணுமில்ல" என்றார். "வண்டிய எடு."